புழுவா, புற்றா? ஒரு கல்லீரல் நோயின் நூறாண்டு வழக்கு

1852ஆம் ஆண்டு மியூனிக் நகரில் நோய்க்குறியியலாளர் லுட்விக் ஃபான் புஹ்ல் ஒரு கல்லீரலை விவரித்தார். உறுப்பின் ஒரு பகுதி கல்போல் இறுகியிருந்தது. வெட்டிய பரப்பில் தேனடையை நினைவூட்டும் எண்ணற்ற சிற்றறைகளும், ஒவ்வோர் அறையிலும் கூழ்போன்ற பசைப்பொருளும் இருந்தன. இதற்கு அவர் இட்ட பெயர் ‘ஆல்வியோலார்கொலாய்ட்’. ஆல்வியோலஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறுகுழி என்று பொருள். கொலாய்ட் என்பது பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கூழ்ப்பொருள் நிறைந்த ஒருவகைப் புற்றுநோய்க்குக் கொலாய்ட் புற்று என்ற பெயர் அக்காலத்தில் வழக்கில் இருந்தது. ஆகவே பெயரிலேயே நோயின் வகையும் முடிவாகிவிட்டது: இது புற்று.

1854இல் டூபிங்கன் நகரில் செல்லர் என்பவர் இதே நோயை இதே பெயரில் தம் பட்ட ஆய்வேட்டின் பொருளாக்கினார். தென்ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் இத்தகைய கல்லீரல்கள் அடுத்தடுத்துப் பதிவாயின. உண்மையில் அவர்கள் கண்டது நரியின் குடலில் வாழும், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு நாடாப்புழுவின் இளநிலை. அந்தப் புழுவை அதன் முழுமையான வாழ்க்கைச் சுழற்சியோடு அடையாளம் காண மேலும் ஒரு நூறாண்டு தேவைப்பட்டது. ஒரு தொற்றுநோய் ஏன் புற்றுநோயாகப் படிக்கப்பட்டது, அந்தப் படிப்பு எவ்வாறு படிப்படியாகத் திருத்தப்பட்டது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். புஹ்ல் கவனக்குறைவானவர் அல்லர். அவர் கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொன்றும் புற்றின் இயல்போடு பொருந்தியது. அந்தத் திரள் அண்டைத் திசுக்களுக்குள் எல்லையின்றி ஊடுருவுகிறது. பித்தநாளங்களை நெரித்துக் காமாலையை உண்டாக்குகிறது. இரத்தக் குழாய்களைத் துளைக்கிறது. நுரையீரலிலும் மூளையிலும்கூடக் கிளைத்திரள்களைத் தோற்றுவிக்கிறது. நடுப்பகுதி இறந்து, குழைந்து, குழியாகிறது. நோயாளி உடல் மெலிந்து மடிகிறார். புற்றுக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்?

இன்னொரு காரணமும் உண்டு. உருவமற்ற ஊட்டநீர் ஒன்றிலிருந்து புதிய உயிரணுக்கள் திரண்டு தோன்றுகின்றன என்ற கருத்து 1850களின் தொடக்கத்தில் இன்னும் செல்வாக்கோடு இருந்தது. அந்தக் கருத்தோடு நுண்ணோக்கியின்முன் அமர்ந்தவருக்கு, அணுக்கள் எவையும் தென்படாத ஒரு கூழ்ப்பொருள் விந்தையாகத் தோன்றியிருக்காது. அது உடலே சுரந்து வைத்த, இன்னும் உருப்பெறாத புற்றுப்பொருளாகத் தோன்றுவதற்கே வாய்ப்பு மிகுதி. கோட்பாடு சிலவற்றைக் காணத் துணைசெய்கிறது. வேறு சிலவற்றைக் கேள்விக்கு உட்படுத்தாமலே கடந்துபோகவும் அதுவே இசைவு தருகிறது.

கல்லீரலில் புழுவால் உண்டாகும் நீர்ப்பைகள் அன்றைய மருத்துவத்துக்குப் புதியவையல்ல என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நீர் நிறைந்த கல்லீரல் வயிற்றுக்குள் வெடித்தால் நோயாளி இறப்பார் என்ற குறிப்பு ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூற்பாக்களிலேயே உள்ளது. ‘ஹைடாடிட்’ என்ற பெயரும் நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்ததுதான். 1766இல் பீட்டர் சைமன் பல்லாஸ் இந்தப் பைகளை விலங்கினத்தோடு தொடர்புபடுத்தினார். 1782இல் யோஹான் கோயெஸ பைகளுக்குள் இருந்த மணிபோன்ற துகள்களை ஆராய்ந்து, அவை நாடாப்புழுவின் தலையை ஒத்திருப்பதைக் காட்டினார். 1801இல் ருடால்ஃபி இட்ட எக்கினோகாக்கஸ் என்ற பேரினப் பெயர், முள்ளுடலியைக் குறிக்கும் சொல்லையும் மணியைக் குறிக்கும் சொல்லையும் இணைத்தது. புழுத்தலையைச் சுற்றியுள்ள கொக்கிகளே முள்ளை நினைவூட்டின.

1852இல், புஹ்ல் தம் கல்லீரலை விவரித்த அதே ஆண்டில், பிரெஸ்லாவ் நகரில் கார்ல் ஃபான் சீபோல்ட் ஒரு சோதனை செய்தார். கால்நடைகளின் உறுப்புகளிலிருந்து எடுத்த நீர்ப்பைகளின் உள்ளீட்டை நாய்களுக்கு ஊட்டினார். பின்னர் அவற்றின் குடலில் மிகச் சிறிய நாடாப்புழுக்கள் வளர்ந்திருப்பதைக் கண்டார். நீர்ப்பையும் நாடாப்புழுவும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்பது இதனால் நிறுவப்பட்டது.

ஆகவே அறிவு இல்லாமல் இல்லை. அது வேறு ஒரு தலைப்பின்கீழ் வைக்கப்பட்டிருந்தது. நீர்ப்பை என்றால் உருண்டையாக இருக்கும். தெளிந்த நீர் நிறைந்திருக்கும். சுற்றியுள்ள திசுவிலிருந்து பிரிந்து நிற்கும். மியூனிக்கின் கல்லீரலில் இவற்றுள் ஒன்றுமில்லை. அதில் இருந்தது திண்மை, கூழ், ஊடுருவல். ஒட்டுண்ணிக்கான அடையாளப் பட்டியலில் இவை இடம்பெறவில்லை. புற்றுக்கான பட்டியலில் இருந்தன.

இந்த இரு பட்டியல்களையும் ஒரே மேசைமீது வைத்தவர் ருடால்ஃப் விர்ச்சோ. 1855இல் அவர் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உயிரணு ஒவ்வொன்றும் மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்றும் என்ற தம் கொள்கையை அவர் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அவ்வாண்டு மார்ச் மாதம் வூர்ட்ஸ்பர்க்கின் இயற்பியல்–மருத்துவக் கழகத்தின் முன்னிலையில் இந்தக் கல்லீரல் நோயைப் பற்றி அவர் உரையாற்றினார். சிற்றறைகளில் இருந்த கூழ்ப்பொருள் உருவமற்றதன்று என்பது அவர் காட்டியவற்றின் சாரம். நுண்ணோக்கியின்கீழ் அது ஏடு ஏடாக அடுக்கப்பட்ட சவ்வாகத் தெரிந்தது. எக்கினோகாக்கஸ் நீர்ப்பையின் சுவருக்கே உரிய அடுக்கமைப்பு அது. புற்றுத் திசு எதுவும் அவ்வாறு அடுக்காக அமைவதில்லை. எனவே இது உடலின் சொந்த வளர்ச்சியன்று; வெளியிலிருந்து வந்த ஓர் உயிரின் வளர்ச்சி.

உயிரணுக் கொள்கைக்கும் இந்த முடிவுக்கும் இடையே ஒரு தொடர்பு இருப்பதாகக் கருத இடமுண்டு. எந்தத் திரளைக் கண்டாலும் ‘இது எந்த அணுவிலிருந்து வந்தது’ என்று கேட்கத் தொடங்கியவர், விடை கிடைக்காத ஒரு கூழ்ப்பொருளை எளிதில் விட்டுவைக்கமாட்டார். ஆயினும் விர்ச்சோவும் எல்லாவற்றிலும் இறுதிச் சொல் சொல்லிவிடவில்லை. ஒட்டுண்ணி நிணநீர்க் குழாய்களுக்குள் வளர்கிறது என்று அவர் கருதினார். இரத்தக் குழாய்களே என்றும் பித்தநாளங்களே என்றும் பிறர் மறுத்தனர். மேலும், அடுத்த ஆண்டு அச்சான அவருடைய கட்டுரையின் தலைப்பில் ‘கெஷ்வுல்ஸ்ட்’ என்ற ஜெர்மன் சொல் இடம்பெற்றது. அதன் நேர்ப்பொருள் வீக்கம். வழக்கில் அது கட்டியையும் புற்றுக்கட்டியையும் சுட்டும். காரணம் மாறியது, உருவத்தைச் சுட்டும் சொல் அப்படியே நின்றது.

தமிழிலும் ‘கட்டி’ என்ற சொல் இதே பணியைச் செய்வதை மொழியியல் மாணவர்கள் எளிதில் காணலாம். சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, கொழுப்புக்கட்டி, புற்றுக்கட்டி ஆகிய அனைத்தும் ஒரே தலைச்சொல்லின் கீழ் வருகின்றன. தலைச்சொல் கைக்கும் கண்ணுக்கும் புலப்படும் உருவத்தைக் கூறுகிறது. காரணத்தைக் கூறும் பொறுப்பு அடைச்சொல்லுக்கு உரியது. நோயறிதல் என்பது சரியான அடைச்சொல்லைத் தேடும் வேலையே. அடைச்சொல் தவறினால் மருந்தும் தவறுகிறது.

இத்தகைய குழப்பம் இந்த ஒரு நோய்க்கு மட்டும் நேர்ந்ததன்று. கால்நடைகளின் தாடையில் தோன்றும் ஒருவகைக் கட்டி நெடுங்காலம் சதைப்புற்றாகவே கருதப்பட்டது. 1877இல் ஒட்டோ பொல்லிங்கர் அதனுள் கதிர்போல் விரியும் நுண்ணுயிர்த் திரள்களைக் கண்டு, அது ஒரு தொற்று என்று காட்டினார். ஆக்டினோமைக்கோசிஸ் என்ற பெயர் அவ்வாறு வந்தது. மனிதக் கல்லீரலிலும் அரிதாகத் தோன்றும் அந்த நோய் இன்றும் புற்றுக்கட்டியாகத் தவறாக எண்ணப்படுவதுண்டு. பொல்லிங்கர் 1880இல் புஹ்லின் இடத்திற்கே மியூனிக்கில் பேராசிரியராக வந்தார் என்பது வரலாற்றின் ஒரு தற்செயல்.

விர்ச்சோவின் உரையோடு முதல் வழக்கு முடிந்தது, இரண்டாவது தொடங்கியது. இது புழுதான் என்றால், எந்தப் புழு? 1863இல் ருடால்ஃப் லாய்க்கார்ட் பல்லறை என்ற பொருளில் ‘மல்ட்டிலாக்குலாரிஸ்’ என்ற பெயரை அளித்தார். ஆனால் அது தனி இனமா, அல்லது அறியப்பட்ட நீர்ப்பைப் புழுவே மனித உடலில் எடுக்கும் பிறழ்ந்த வடிவமா என்பதில் அறிஞர் இரு அணியாயினர். பிரான்சின் ஃபெலிக்ஸ் தெவே போன்றோர் ஒரே இனம் என்றனர். இன்ஸ்புருக்கின் அடால்ஃப் போஸ்ஸெல்ட் இரண்டு இனங்கள் என்று வாதிட்டார்.

போஸ்ஸெல்ட்டின் வலுவான சான்றுகளுள் ஒன்று நிலவியல் பரவல். நோயாளிகளை ஊர்வாரியாகத் தொகுத்தபோது ஒரு வேறுபாடு வெளிப்பட்டது. பல்லறை நோய் பவேரியா, வூர்ட்டம்பெர்க், சுவிட்சர்லாந்து, டைரோல் ஆகிய பகுதிகளில் செறிந்திருந்தது. உருண்டை நீர்ப்பை நோயோ வடக்கே மெக்லன்பர்க், தொலைவில் ஐஸ்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற மேய்ச்சல் நிலங்களில் மிகுந்திருந்தது. ஒரே புழுவின் இரு தோற்றங்கள் என்றால், ஒன்று மிகுந்த இடத்தில் மற்றதும் மிகுந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லை. வாதம் வலுவானதாயினும், முழு வளர்ச்சியடைந்த புழு இயற்கையில் எந்த விலங்கில் வாழ்கிறது என்பதைக் காட்டாதவரை அது வாதமாகவே நின்றது.

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலின் செயின்ட் லாரன்ஸ் தீவில், 1950களின் தொடக்கத்தில் ராபர்ட் ரௌஷும் எவரெட் ஷில்லரும் ஆர்க்டிக் நரிகளையும் குட்டைவால் எலிகளையும் ஆராய்ந்தனர். எலிகளின் கல்லீரலில் பல்லறைத் திரள். நரிகளின் குடலில் முதிர்ந்த நாடாப்புழு. 1954இல் அவர்கள் அதை ஒரு புதிய இனமாக விவரித்தனர். ஹாம்பர்க்கின் ஹான்ஸ் ஃபோகல் தென்ஜெர்மனியில் அதே தேடலை மேற்கொண்டார். அங்கே செந்நரிகளிலும் வயல் எலிகளிலும் அதே சுழற்சி நிலவுவதை 1957இல் விரிவாக வெளியிட்டார். லாய்க்கார்ட் 94 ஆண்டுகளுக்கு முன் இட்ட பெயர் தனி இனத்தின் பெயராக நிலைபெற்றது. நூறாண்டு வழக்கு முடிவுக்கு வந்தது.

இது வெறும் வகைப்பாட்டுச் சண்டையன்று. ஒரே புழு என்று கொண்டால் தடுப்பு முறையும் ஒன்றாகிவிடும். நாய்களுக்குப் புழுநீக்கம் செய்வதும், வெட்டிய ஆட்டின் உறுப்புகளை நாய்களுக்குப் போடாதிருப்பதும் ஐஸ்லாந்தில் நீர்ப்பை நோயைப் பெருமளவு ஒடுக்கின. ஆனால் நரிக்கும் எலிக்கும் இடையே காட்டில் சுழலும் புழுவை ஆட்டுத்தொழுவத்தில் தடுக்க இயலாது. ஜப்பானின் ரெபுன் தீவு இதற்குக் கசப்பான சான்று. எலிகளைக் கட்டுப்படுத்தவும் தோலுக்காகவும் 1920களில் குரில் தீவுகளிலிருந்து அங்கே நரிகள் கொண்டுவந்து விடப்பட்டன. 1930களில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அடுத்த பத்தாண்டுகளில் அச்சிறு தீவோடு தொடர்புடைய நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். நரி வந்ததற்கும் நோய் வெளிப்பட்டதற்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியே இந்நோயைக் கண்டறிவதிலுள்ள பெரிய இடர். நரியின் கழிவோடு வெளிவந்த முட்டை மனிதர் வாயை அடைந்து, குடலில் பொரிந்து, கல்லீரலில் குடியேறிய பின் 5 முதல் 15 ஆண்டுகள் வரை எந்த அறிகுறியும் இல்லாதிருக்கலாம். நோயாளி மருத்துவரிடம் வரும்போது, எங்கே, எப்போது தொற்றியது என்பது அவர் நினைவிலேயே இருக்காது.

இறந்தவரின் கல்லீரலை நுண்ணோக்கியில் வைத்து முடிவு சொல்வது ஒன்று. உயிரோடிருப்பவரின் கல்லீரலைப் பற்றி முடிவு சொல்வது வேறு. 1911இல் கசோனி வெளியிட்ட தோல்வழிச் சோதனை நெடுங்காலம் பயன்பட்டது. ஆனால் நோயற்றவரையும் நோயுற்றவராகக் காட்டும் குறை அதற்கு இருந்தது. 1983இல் புரூனோ காட்ஸ்டைனும் குழுவினரும் இந்த ஒட்டுண்ணியின் ‘இ.எம்.2’ என்ற எதிர்ப்பொருளைப் பயன்படுத்திய இரத்தச் சோதனையை அறிமுகப்படுத்தினர். நீர்ப்பைப் புழுவிலிருந்து இதைப் பெரும்பாலும் பிரித்தறிய அது உதவியது. அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் வந்தபின், ஒழுங்கற்ற விளிம்பும், சிதறிய சுண்ணப் படிவுகளும், நடுவே இறந்த குழியும் கொண்ட திரளைத் திரையில் காண முடிந்தது. எம்.ஆர்.ஐ., திரளுக்குள் கொத்துக்கொத்தாக அமைந்த நுண்பைகளைக் காட்டுகிறது. விர்ச்சோ கண்ட அடுக்குச்சவ்வை இன்று பி.ஏ.எஸ். சாயம் செம்மை நிறத்தில் எடுத்துக்காட்டுகிறது. மனித உடலில் இந்தப் புழுவின் தலையும் கொக்கிகளும் அரிதாகவே உருவாவதால், திசுப் பரிசோதனையில் அந்தச் சவ்வே இன்றும் முதன்மைச் சான்று. ஐயம் எஞ்சினால் மரபணுச் சோதனை துணைக்கு வருகிறது.

கருவிகள் பெருகினாலும் பழைய மயக்கம் முற்றாக நீங்கவில்லை. புற்றைத் தேடப் பயன்படும் ‘பெட்’ ஸ்கேனில் இந்த ஒட்டுண்ணித் திரளும் ஒளிர்கிறது. ஒட்டுண்ணியைச் சூழ்ந்த அழற்சி அணுக்கள் சர்க்கரையை மிகுதியாக உட்கொள்வதே அதற்குக் காரணம். ஆகவே திரையில் தெரிவது மட்டும் போதாது. ‘இது புழுவாக இருக்கலாமா’ என்ற கேள்வி முதலில் எழ வேண்டும். எழாதபோது நேரும் இழப்பு சிறியதன்று. சிகிச்சையின்றி விடப்பட்டவர்களுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நோய் கண்டறியப்பட்ட 10 ஆண்டுகளுக்குள் இறந்ததாகப் பழைய பதிவுகள் காட்டுகின்றன. சரியாகக் கண்டறியப்பட்டவருக்கு அறுவையும், அல்பெண்டசோல் போன்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வதும் நீண்ட வாழ்வைத் தருகின்றன. புற்று என்று தவறாக எண்ணி, நோயெதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்து தரப்பட்டாலோ, ஒட்டுண்ணி தடையின்றி வளர வழி பிறக்கும். மறுதிசைத் தவறும் உண்டு: உண்மையான புற்றை ஒட்டுண்ணி என்று எண்ணிக் காலம் கடத்துவது.

இந்தியாவில் உருண்டை நீர்ப்பை நோய் பரவலாக அறியப்பட்டது. பல்லறை நோயோ மிக அரிதாகவே பதிவாகியுள்ளது. 1978இல் வெளியான முதல் இந்திய அறிக்கை, பிணக்கூறாய்வில் உறுதிசெய்யப்பட்ட ஒன்று. அதன்பின் காஷ்மீர் போன்ற வடபகுதிகளிலிருந்து சில நோயாளிகள் பதிவாகியுள்ளனர். அரிது என்பதற்கு இரண்டு பொருள் இருக்கக்கூடும். நோய் உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். அல்லது தேடாததால் குறைவாகத் தெரியலாம். இவற்றுள் எது உண்மை என்பதை நோயாளி எண்ணிக்கை மட்டும் சொல்லாது. நரி, எலி, நாய் ஆகியவற்றில் புழுவைத் தேடும் கள ஆய்வே சொல்லும். செயின்ட் லாரன்ஸ் தீவின் பாடம் அதுதான்.

பெயர்களின் வரலாறு இன்னும் முடியவில்லை. 2006இல் இந்நோயின் நிலைகளை வகைப்படுத்த ‘பி.என்.எம்.’ என்ற முறை வெளியிடப்பட்டது. அது புற்றுநோயியலின் ‘டி.என்.எம்.’ முறையை அப்படியே முன்மாதிரியாகக் கொண்டது. கட்டிக்குரிய முதலெழுத்து ஒட்டுண்ணிக்கு மாறியது. நிணநீர்க் கணுவைக் குறித்த இரண்டாம் எழுத்து அண்டை உறுப்பைக் குறித்தது. தொலைவில் கிளைத்தலைக் குறிக்கும் மூன்றாம் எழுத்து மாறவே இல்லை. 2020இல் இத்துறை அறிஞர்கள் கலைச்சொற்களுக்கு ஒரு பன்னாட்டு உடன்பாட்டை வெளியிட்டனர். மனிதரில் காணும் எக்கினோகாக்கஸ் நோய்களுக்குப் பையுரு, சிற்றறையுரு, புதுவெப்பமண்டலம் என மூன்று பெயர்களை மட்டும் ஏற்று, வழக்கிலிருந்த பிறவற்றைக் கைவிடுமாறு பரிந்துரைத்தனர்.

சிற்றறையுருவைக் குறிக்க அவர்கள் ஏற்ற சொல் ‘ஆல்வியோலார்’. 1852இல் புஹ்ல் இட்ட பெயரின் முற்பாதி அது. பிற்பாதியான ‘கொலாய்ட்’ நோயின் காரணத்தைப் பற்றிய ஊகமாக இருந்தது, அது மறைந்தது. முற்பாதி கண் கண்ட வடிவத்தைக் கூறியது, அது நிலைத்தது. தவறான முடிவுக்கு வந்த ஒருவரின் துல்லியமான விவரிப்பு, சரியான முடிவுக்கு வந்தவர்களுக்கும் பயன்பட்டிருக்கிறது. மருத்துவ வரலாற்றைப் படிப்போர், ஒருவர் எதைக் கண்டார் என்பதையும் அதை என்னவென்று கருதினார் என்பதையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்பதற்கு இந்தக் கல்லீரல் நோய் ஒரு நல்ல சான்று.